கொல்லிமலை ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிறது: ஆக்டேன் பூஸ்டர் ஊற்றலாமா?

கொல்லிமலைவழி (சேலம்)

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள்ளும் நான்குவழிச் சாலையிலும் ஒரு குறையும் இல்லை. போன மாதம் குடும்பத்தோடு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். காரவள்ளியில் இருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் ஐந்து பேர், ஏ.சி. ஓடுகிறது. பத்துப் பதினைந்து வளைவு தாண்டியதும், மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும், அழுத்தினால் மறுபடி வரும். இழுவையும் குறைந்துவிட்டது.

ஊரில் உதிரிபாகக் கடையில் சொன்னேன். "பெட்ரோல் சரியில்லை, ஆக்டேன் பூஸ்டர் போடுங்கள்" என்று 350 மி.லி. பாட்டில் ஒன்று கொடுத்தார்கள், 700 ரூபாய். ஒரு டேங்குக்கு ஒன்று. இரண்டு முறை ஊற்றிவிட்டேன். சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொடரலாமா? 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் தீருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைத்தம்பி (கோவை)

அண்ணா, நீங்கள் கேட்டது நாக்கிங்தான், சந்தேகமே இல்லை. பிளக் பொறி விட்டதும் நெருப்பு ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சம் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. அந்த அடி பிஸ்டன் தலையில் விழுகிற சத்தம்தான் உங்களுக்குக் கேட்டது. ஆக்டேன் என்பது அப்படித் தானாக வெடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் குணம். பெட்ரோலின் சக்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு விஷயம் யோசியுங்கள். இந்த வண்டி புதிதாக இருந்தபோது, ஆர்.ஓ.என். (ஆக்டேன் எண்) 91 உள்ள பெட்ரோலில் இதே மலையை ஏறியிருக்கும். அப்போது தட்டவில்லை, இப்போது தட்டுகிறது என்றால் வண்டியில் என்ன மாறியது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் கரி ஏறியிருக்கலாம். கரி ஏறினால் எரியும் அறையின் இடம் சுருங்கும், அழுத்தம் கூடும், அந்தக் கரியே சூட்டைப் பிடித்து வைக்கும். ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? கூலண்டா, போர் தண்ணீரா? பிளக் எப்போது மாற்றினீர்கள், என்ன நம்பர்? இதெல்லாம் சொல்லுங்கள்.

அப்புறம், ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 1,500 சுற்றில் வைத்து அழுத்துவதை நிறுத்துங்கள். நாக்கிங்குக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. சுற்று குறைவாக இருந்தால் அந்தக் கலவைக்குத் தானாக வெடிக்க வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

நிலா_டர்போ (சென்னை)

என் அனுபவம் சொல்கிறேன். என்னுடையது 1.0 டர்போ, நேரடி இன்ஜெக்ஷன். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவி மாட்டி, கைப்பேசி ஆப்பில் இக்னிஷன் டைமிங் (பிளக் எப்போது பொறி விடுகிறது என்பது, டிகிரி கணக்கில்) பார்ப்பேன். சாதாரண பெட்ரோலில் மே மாத மதியம் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் டைமிங் பின்னால் போகும், அதாவது தட்டாமல் இருக்க வண்டியே பொறியைத் தாமதமாக்கும். 100 ஆக்டேன் நிரப்பி அதே சாலையில், அதே மாதிரி சூட்டில் ஓட்டினேன், மூன்று டிகிரி வரை முன்னால் நின்றது. இழுவை வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அண்ணா நகர் சிக்னல்களில் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் இல்லை, மைலேஜும் அப்படியேதான். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தபோதே லிட்டர் 160 ரூபாய். நெடுந்தூரம் போகும்போது மட்டும் போடுகிறேன்.

ஆய்வகத்தார் (மணலி)

சுத்திகரிப்பு ஆலை ஆய்வகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் 12 ஆண்டு ஆக்டேன் இன்ஜின் அறையில். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்டேன் எண்ணைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதில்லை. அதற்கென்று ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஒன்று உண்டு. சி.எஃப்.ஆர். இன்ஜின் என்போம். 1920களின் கடைசியில் வடிவமைத்தது, இன்றைக்கும் அதே அடிப்படைதான். இதில் விசேஷம், ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை மேலே கீழே நகர்த்தி அழுத்த விகிதத்தை மாற்றலாம். சோதிக்க வேண்டிய பெட்ரோலை ஊற்றி, தட்டும் வரை அழுத்தத்தைக் கூட்டுவோம். தட்டும் அளவை ஒரு முள் காட்டும். பிறகு அதே அழுத்தத்தில் ஐசோஆக்டேனும் நார்மல் ஹெப்டேனும் கலந்த கலவையை ஊற்றி, முள் அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்போம். ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. 95 பங்கு ஐசோஆக்டேன் இருக்கும் கலவை இதே அளவு தட்டினால், அந்த பெட்ரோல் 95. 600 சுற்றில் பார்ப்பது ஆர்.ஓ.என்., இன்னும் கடுமையாக 900 சுற்றில், கலவையைச் சூடாக்கிப் பார்ப்பது எம்.ஓ.என். அறைக்குள் நுழைந்தால் அந்த டக்டக் சத்தம் நெஞ்சில் அதிரும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதில் இருக்கும்.

இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன். அதில் "5 புள்ளி வரை உயரும்" என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கும். இந்த வியாபாரத்தில் ஒரு புள்ளி என்றால் பெரும்பாலும் 0.1. ஐந்து புள்ளி என்றால் அரை ஆக்டேன்தான். 91 என்பது 96 ஆகும் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 350 மி.லி.யை 40 லிட்டரில் ஊற்றினால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பாட்டிலில் இருப்பது முழுக்க டொலுயீன் என்ற கரைப்பானே என்று வையுங்கள், அதன் ஆர்.ஓ.என். 120 அளவில் வரும். 95 இருக்கும் பெட்ரோலில் அதைக் கலந்தால் கிடைப்பது 0.2 உயர்வு. காது கேட்கும் வித்தியாசமே இல்லை. இவ்வளவு சின்ன அளவில் உண்மையிலேயே ஏற்ற வேண்டும் என்றால் உலோகம் கலந்த சேர்மம் வேண்டும். மாங்கனீஸ் உள்ள எம்.எம்.டி., அல்லது இரும்பு உள்ள ஃபெரோசீன். அனிலின் வகை ஒன்றும் உண்டு, அது பிசினாகப் படியும் தொல்லை உடையது. உலோகம் எரிந்து காணாமல் போகாது. பிளக்கில் செங்கல் நிறத்தில் படியும், ஆக்ஸிஜன் சென்சாரில் படியும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் துளைகளில் படியும். இரும்புப் படிவு சூட்டில் மின்சாரத்தைக் கடத்தும், பொறி விடவேண்டிய பிளக் ஒழுங்காக விடாது.

உலோகத்தால் ஆக்டேன் ஏற்றிய கதையை நாம் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டோம். அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயம் தட்டுவதை நிறுத்தும் என்று கண்டார். மூன்றே ஆண்டில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் நியூ ஜெர்சியில் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகும் உலகம் அதை ஊற்றிக்கொண்டே இருந்தது. இந்தியாவில் முழுவதுமாக நின்றது 2000 பிப்ரவரி 1 அன்று. கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சேர்ந்த பிறகு வந்த புத்தி அது. அதனால்தான் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதாமல் விற்கும் எதையும் நான் நம்புவதில்லை. தம்பி, அடுத்த முறை பிளக்கைக் கழற்றும்போது நிறத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பழையபுல்லட் (திருச்சி)

நல்ல விளக்கம் ஐயா. எண்பதுகளில் எங்கள் பக்கம் பெட்ரோல் டேங்கில் கற்பூரம் போடுவார்கள். சிலர் அந்துருண்டை. நானும் என் மோட்டார் சைக்கிளில் இரண்டு உருண்டை போட்டு ஓட்டியிருக்கிறேன். வண்டி பறக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டா?

பட்டறைத்தம்பி

ஐயா, என் அப்பா காலத்திலேயே பட்டறையில் கேட்ட கேள்வி இது. அந்துருண்டை நாப்தலீன். பெட்ரோலில் கரையும். ஆனால் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் அது மறுபடி கட்டியாகிவிடும். கார்புரேட்டர் ஜெட்டில் வெள்ளையாகச் சர்க்கரை மாதிரி உறைந்து கிடப்பதை ஊசியால் குத்தி எடுத்திருக்கிறோம். இரண்டு உருண்டைக்கு ஆக்டேன் ஏறாது. இன்றைய இன்ஜெக்டர் துளை தலைமுடி அளவு. தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

கொல்லிமலைவழி

மிக்க நன்றி ஐயா, தம்பி. ரேடியேட்டரில் இரண்டு வருடமாகப் போர் தண்ணீர்தான். ஒருமுறை குழாய் கசிந்து வழியில் ஊற்றியது, அப்படியே பழகிவிட்டது. பிளக் 60,000இல் மாற்றினேன், நம்பர் தெரியாது. இன்னொரு கேள்வி. இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதுதான் காரணமா?

ஆய்வகத்தார்

தட்டுவதற்கு எத்தனால் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அது தட்டுவதை அடக்கும் பொருள். எத்தனாலின் ஆர்.ஓ.என். 108 அளவில் இருக்கிறது. ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூட்டை உறிஞ்சி, உள்ளே போகும் கலவையைக் குளிர வைக்கிறது. நம் நாட்டில் சாதாரண பெட்ரோல் ஒரு காலத்தில் 88, பிறகு 91, 20 சதவீதம் எத்தனால் கலந்த பிறகு 95 என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. அதாவது கடையில் பாட்டில் வாங்கி நீங்கள் செய்ய நினைத்த வேலையை, 20 சதவீத அளவில், பெட்ரோல் பங்கிலேயே செய்துவிட்டார்கள்.

எத்தனால் மேல் உள்ள நியாயமான குறை வேறு. லிட்டருக்கு அதில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது. பழைய பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10க்கு ட்யூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொன்னது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் பற்றிய கவலையும் நியாயமானதே. உங்கள் 2016 வண்டியில் எரிபொருள் குழாய்களை ஆண்டுக்கு ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் இ20 தட்டுவதற்குக் காரணமாகலாம்: தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் நீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால், அல்லது குளிர்ந்தால், எத்தனாலின் பெரும்பகுதி பெட்ரோலை விட்டுவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல், எத்தனால் கொடுத்த ஆக்டேனை இழந்து நிற்கும். மழைக்காலத்தில் பங்கின் நிலத்தடித் தொட்டியில் நீர் இறங்கினால் இது நடக்கும்.

பட்டறைத்தம்பி

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நான் பட்டறையில் 100 மி.லி. கண்ணாடி அளவு உருளை வைத்திருக்கிறேன். 80 வரை பெட்ரோல், மேலே 20 மி.லி. தண்ணீர். மூடி, குலுக்கி, பத்து நிமிடம் நிற்க விடுங்கள். எத்தனால் எல்லாம் கீழே தண்ணீரோடு வந்துவிடும். கோடு 20இல் நிற்காமல் 35 பக்கம் ஏறியிருந்தால் இ20 சரியாக இருக்கிறது. போன நவம்பரில் தட்டுகிறது என்று வந்த ஒரு வண்டியில் டேங்கின் மேல்பகுதியில் இருந்து எடுத்துப் பார்த்தேன். கோடு 24க்கு மேல் போகவில்லை. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் இரண்டு டம்ளர் கலங்கல் தண்ணீர். டேங்கைச் சுத்தம் செய்து புது பெட்ரோல் ஊற்றினோம், சத்தம் போய்விட்டது. நெருப்பு, மின்சாரம் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த இடத்தில் செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்தான்

இஞ்ச எங்களுக்கு 92, 95 எண்டு இரண்டு ஒக்டேன் பெற்றோல். என்ர வாகனம் 660 சிசி ஜப்பான் கார். சில வருசத்துக்கு முதல் தட்டுற சத்தம் வந்தது, 95 அடிச்சால் நிக்கும், 92 அடிச்சால் வரும். ஆறு மாசம் கூடின காசு குடுத்து 95 அடிச்சன். கடைசியில பார்த்தால் ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடுறது) கரிபிடிச்சு ஒட்டிப்போய்க் கிடந்தது. கழுவிப் போட்ட பிறகு 92இலயே நல்லா ஓடுது. அண்ணை, முதல்ல வாகனத்தைப் பாருங்கோ.

டாலஸ்தமிழன்

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "அங்கே 87 போடுகிறார்கள், நமக்கு எதற்கு 91" என்று பலர் கேட்கிறார்கள். இங்கே பங்கில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். இரண்டின் சராசரி. இங்குள்ள 87 என்பது உங்கள் 91 அளவுதான், இங்குள்ள 93 உங்கள் 97, 98. டென்வர் மாதிரி உயரமான ஊர்களில் 85 கூட விற்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, பழைய இன்ஜின்கள் அதிலேயே ஓடிவிடும்.

பட்டறைத்தம்பி

சரியாகச் சொன்னீர்கள். ஊட்டிக்கு மேலே போய்விட்டால் சத்தம் குறைந்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். மேட்டுப்பாளையம் அடிவாரத்தில், சூட்டில், முழு லோடில் ஏறும்போதுதான் அதிகம் தட்டும்.

டிராக்பையன் (கோவை)

செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டுகிறேன். ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடியை) சீவி அழுத்த விகிதத்தை ஏற்றியிருக்கிறேன். 15 சதவீதம் டொலுயீன் கலக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கெமிக்கல் கடையில் கிடைக்கிறது. ஐயா சொன்ன கணக்குப்படி 95இல் இருந்து 98க்கு மேல் வருமே?

ஆய்வகத்தார்

கணக்கு சரி, தம்பி. செய்யாதீர்கள். டொலுயீன் ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும். வீட்டு முற்றத்தில் கேனில் இருந்து கேனுக்கு ஊற்றும்போது நீங்கள் மூச்சு விடுவது அதைத்தான். கொதிநிலை 110 டிகிரி. காலையில் குளிர்ந்த இன்ஜினில் சரியாக ஆவியாகாது, ஆயிலில் கலக்கும். பி.எஸ்.6 என்ற புகை விதிப்படி வரும் பெட்ரோலில் அரோமேட்டிக் (டொலுயீன் அந்த இனம்தான்) 35 சதவீதம், பென்சீன் 1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. சாலையில் ஓடும் வண்டிக்கு எரிபொருளில் இப்படிக் கலப்பது சட்டப்படியும் சிக்கல். எனக்குத் தெரிந்து ஒரு பையன் மூடிய அறையில் கரைப்பான் ஊற்றும்போது பிளாஸ்டிக் கேனில் நிலைமின்சாரம் பொறி விட்டு, இரண்டு கையும் வெந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். உங்கள் வயதுதான் அவனுக்கு.

பட்டறைத்தம்பி

தம்பி, 100 ஆக்டேன் பங்கிலேயே கிடைக்கிறது, ஆய்வகத்தில் சோதித்து வருகிறது. டிராக் நாளுக்கு அதைப் போடு. அதிலும் தட்டினால் தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டு அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கு, டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் வை. பட்டறைக்கு வா, சேர்ந்து பார்ப்போம். காசு வேண்டாம்.

கொல்லிமலைவழி (இரண்டு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஓ.பி.டி. கருவி ஒன்று வாங்கி, நிலா சொன்ன மாதிரி டைமிங் பார்த்தேன். காரவள்ளி ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 1,600 சுற்றில் அழுத்தினால் 16 டிகிரியில் இருந்து 5க்கு விழுகிறது. அதே வளைவில் இரண்டாவது கியரில் 2,800 சுற்றில் 17இல் நிற்கிறது, சத்தமும் இல்லை. கூலண்ட் சூடு 104 வரை போனது.

பிறகு பட்டறைக்கு எடுத்துப் போனேன். பிளக் நான்கும் ஐயா சொன்ன செங்கல் நிறம், விரலில் தேய்த்தால் பொடியாக வந்தது. நம்பரும் இந்த இன்ஜினுக்கு உரியது இல்லை, ஒரு படி சூடான வகை, அதாவது சூட்டை மெதுவாக வெளியேற்றுவது. பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுக் காட்டினார்கள். பிஸ்டன் தலை அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றினால் குழாய்களில் வெள்ளையாக உப்பு, பாதிக்கு மேல் அடைப்பு.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, சரியான கூலண்ட் ஊற்றி, கம்பெனி சொன்ன பிளக் மாற்றி, கரிக்குக் கெமிக்கல் விட்டு ஒரு இரவு ஊற வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். ஆயிலும் மாற்றியாகிவிட்டது.

பட்டறைத்தம்பி

அண்ணா, பூஸ்டர் ஊற்றிய 1,400 ரூபாயைவிட அது மறைத்து வைத்த ரேடியேட்டர்தான் பெரிய ஆபத்து. இன்னும் ஒரு கோடை அப்படியே ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். மறுபடி மலை ஏறிப் பார்த்தீர்களா?

கொல்லிமலைவழி

நேற்று ஏறினேன் தம்பி. அதே ஐந்து பேர், ஏ.சி. ஓடியது, சாதாரண இ20தான். இரண்டாவது கியரிலேயே போனேன். சூடு 94ஐத் தாண்டவில்லை. நாற்பதாவது வளைவில் வேண்டுமென்றே மூன்றாவதில் போட்டு ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். டைமிங் 12க்கு இறங்கியது, சத்தம் இல்லை. அப்பா பின் சீட்டில் தூங்கிவிட்டார், செம்மேடு வந்துதான் எழுப்பினோம்.